ஹவுஸ்ஃபுல் படத்துக்கு ஒரு டிக்கெட்

'ஈரத்தரை' என்ற நகைச்சுவைப் படம் வெளியான வெள்ளிக்கிழமை, காலைக் காட்சியில், இருநூற்றுப் பதினான்கு இருக்கைகள் கொண்ட அரங்கில் பல்செட்காரர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஹவுஸ்ஃபுல் பலகை தொங்கியது. இரண்டும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது பல்செட்காரருக்குத் திங்கட்கிழமைதான் விளக்கப்பட்டது. அதுவும் எட்டாவது மாடியில்.

அவர் சிரிப்பதற்காக வரவில்லை. அண்ணனைப் பார்க்க வந்திருந்தார்.

அண்ணன் பதினைந்து வருடம் சினிமாவில் கூட்டமாக இருந்தவர். கல்யாண வீட்டில் கூட்டம், நீதிமன்றத்தில் கூட்டம், தீப்பிடித்தால் ஓடுகிற கூட்டம். ஒருமுறை ஓடும்போது விழுந்து முன்பற்கள் நான்கு போயின. அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் புகைப்படத்திலும் வாயை மூடிக்கொண்டு, ரகசியம் காப்பவர் போல நிற்பார். ஆனால் அவர் சிரித்தால் படிக்கட்டில் வெண்கலப் பானை உருண்டு இறங்குவது போலிருக்கும். அதனால் எல்லோருக்கும் அவர் வெண்கலம். அந்தச் சத்தத்தை எங்கோ கேட்டுவிட்டு, 'ஈரத்தரை' இயக்குநர் அவருக்கு முகம் தெரிகிற மாதிரி நான்கு விநாடி கொடுத்தார். வங்கியில் நாயகன் ஈரமான தரையில் வழுக்கி விழ வேண்டும். வரிசையில் நிற்கும் ஒருவர் அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். பல்செட் செய்கிற தம்பி இரண்டே நாளில் மெழுகில் அச்செடுத்து நான்கு பற்கள் செய்து கொடுத்தார்.

அதோடு சரி. இரண்டு மாதத்துக்கு முன், வேறொரு படத்தில் போர்க்களத்துப் பிணமாகப் படுத்திருந்த வெண்கலம், சாப்பாட்டு இடைவேளைக்கு எழுந்திருக்கவில்லை. அந்த டேக் ஒரே தடவையில் ஓகே ஆனது என்று பிறகு சொன்னார்கள்.

திரையில் நாயகன் வங்கிக்குள் நுழைந்தான். வாளியும் துடைப்பமும் தெரிந்தன. பல்செட்காரர் முன்னால் சாய்ந்தார். அப்போது அவர் முகத்தில் டார்ச் வெளிச்சம் அடித்தது.

“சார், நீங்க யாரு?” என்று கேட்டார் டிக்கெட் கிழிப்பவர்.

“படம் பாக்க வந்தேன்.”

“படம் பாக்கவா? இந்தக் காட்சிக்கு யாரும் வரக்கூடாதே. ஹவுஸ்ஃபுல் ஆச்சே. டிக்கெட்ட காட்டுங்க.”

டிக்கெட்டை எடுக்கக் குனிந்தபோது படிக்கட்டில் வெண்கலப் பானை உருண்டது. நிமிர்ந்தபோது நாயகன் ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருந்தான்.

டிக்கெட் கிழிப்பவர் டிக்கெட்டை முன்னும் பின்னும் பார்த்தார். “ஓ, இந்தச் சீட்டா. கை உடைஞ்ச சீட்டு. கம்ப்யூட்டர்ல ஏறல, அதான் கவுண்டர்ல வித்துட்டாங்க. சரி, உக்காருங்க. ஆனா சத்தமா சிரிக்காதீங்க, புரொஜெக்டர் ரூம்ல ஆள் பயந்துடுவாரு.”

பல்செட்காரர் அந்த வேண்டுகோளைப் படம் முடியும்வரை மதித்தார். படமும் ஒத்துழைத்தது.

சாயங்காலம் அண்ணி வேலை முடிந்து வந்தார். மருந்துக்கடையில் பில் போடுகிறவர். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடி கேட்டார்.

“பாத்தீங்களா தம்பி?”

“பாத்தேன் அண்ணி.”

“பல்லு தெரிஞ்சுதா?”

பல்செட்காரர் பொய்ப்பல் செய்கிறவர்தான், ஆனால் அந்தத் தொழிலில்கூட அளவெடுக்காமல் எதையும் செய்ய முடியாது. “சத்தம் கேட்டுது,” என்றார்.

“எனக்குத் தைரியம் இல்ல. நீங்க நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் நான் போறேன்.”

மறுநாள் கவுண்டருக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் பலகையைக் காட்டினாள்.

“உள்ள யாரும் இல்லையேம்மா. நேத்து நான் ஒருத்தன்தான் இருந்தேன்.”

“இன்னைக்கு அதுவும் இல்ல சார். ஆனா சீட்டும் இல்ல.”

“அந்தக் கை உடைஞ்ச சீட்டு?”

“உங்களால பெரிய பிரச்சினையாயிடுச்சு. காலைலயே ஆசாரி வந்து சரி பண்ணிட்டாரு. இப்ப அதுவும் புக் ஆயிடுச்சு.”

“நாளைக்கு?”

“அம்பது நாளைக்கு ஹவுஸ்ஃபுல்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நான் வேலைக்குச் சேந்ததுலேருந்து ஒருத்தர் இவ்வளவு கேக்கறத இப்பதான் முதல் தடவையா பாக்கறேன். தயாரிப்பு கம்பெனியில போய்க் கேளுங்க. எல்லா டிக்கெட்டும் அங்கதான் இருக்கு.”

திங்கட்கிழமை தயாரிப்பு நிறுவனத்துக்குப் போனார். அதன் எட்டாவது மாடியில் வசூல் அறிவிப்புத் துறை இயங்கியது. வரவேற்பறைச் சுவரில் சிவப்பு எண்கள் ஓடின. பல்செட்காரர் உட்கார்ந்தபோது 'ஈரத்தரை' எழுபத்தொரு கோடி வசூலித்திருந்தது. தேநீர் வந்தபோது எழுபத்திரண்டு. குடித்து முடித்தபோது எழுபத்து மூன்றரை. பிறகு முக்கால் மணி நேரம் எண் அசையவில்லை. பொத்தானை அழுத்துகிறவர் சாப்பிடப் போயிருந்தார். அதுவரை உலகெங்கும் மக்கள் படம் பார்ப்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

வசூல் அதிகாரி அவரை உள்ளே அழைத்தார்.

“டிக்கெட் வேணுமா? எதுக்கு?”

“படம் பாக்க சார்.”

அதிகாரி கதவைச் சாத்திவிட்டு வந்தார். “உண்மையச் சொல்லுங்க. எந்தக் கம்பெனி ஆளு நீங்க?”

“கம்பெனி எல்லாம் இல்ல சார். பல்செட் செய்யறேன்.”

“யாருக்கு?”

“பல்லு இல்லாதவங்களுக்கு.”

அதிகாரிக்கு அந்தப் பதிலில் உளவு எதுவும் இல்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. சாதாரண மனிதருக்கு எதையாவது விளக்கிச் சொல்ல அவருக்கு வெகுநாளாக வாய்ப்பு கிடைக்கவில்லை போலும்.

“பாருங்க, சினிமாங்கறது பெரிய தொழில். இதப் போய் ஜனங்கள நம்பி நடத்த முடியுமா? மழை பெஞ்சா வரமாட்டாங்க. பரீட்சைன்னா வரமாட்டாங்க. படம் நல்லா இல்லன்னு வைங்க, சுத்தமா வரமாட்டாங்க. பொறுப்பே கிடையாது. அதனால எல்லா டிக்கெட்டயும் நாங்களே வாங்கிடறோம். ஜனங்களோட கடமைய அவங்க சார்பா நாங்க செய்யறோம்.”

“அப்ப பணம் சார்?”

“எங்க பணம் எங்ககிட்ட இருந்து கிளம்பி எங்ககிட்டயே வருது. வர்ற வழியில தியேட்டர்காரர் கொஞ்சம் எடுத்துக்கறாரு. இதுக்குப் பேருதான் வசூல்.”

“நான் வெள்ளிக்கிழமையே ஒரு தடவ பாத்தேன் சார். இன்னொரு தடவ பாக்கணும்.”

அதிகாரி எழுந்து நின்றார். “என்ன சொன்னீங்க? திரும்பப் பாக்கணுமா?”

“ஆமா சார்.”

அவர் வெளியே ஓடி, “எல்லாரும் வாங்க! ரிப்பீட் ஆடியன்ஸ் வந்திருக்காரு!” என்று கத்தினார். மேசைகளிலிருந்து பதினோரு பேர் வந்து பல்செட்காரரைச் சூழ்ந்தார்கள். இருபது வருடமாக ஒவ்வொரு சுவரொட்டியிலும் 'மக்கள் மீண்டும் மீண்டும் பார்க்கும் படம்' என்று அச்சடித்து வருகிறவர்கள். நேரில் அப்படி ஒருவரை யாரும் பார்த்ததில்லை. ஒரு அம்மா அவர் முழங்கையை மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சாதாரணமாத்தான் இருக்காரு,” என்றார். புகைப்படம் எடுத்தார்கள். வாயைத் திறந்து சிரிக்கச் சொன்னார்கள். இரண்டு மாதமாக அவருக்குச் சிரிப்புப் பக்கம் வேலை நிறுத்தம். நல்ல அச்சு எடுக்க எப்படி வாயைத் திறக்கச் சொல்வாரோ, அப்படித் திறந்து காட்டினார். போதும் என்றார்கள்.

படிவம் கொடுத்தார்கள். 'படத்தைத் திரும்பப் பார்க்க விரும்பும் காரணம்' என்று இருந்த இடத்தில் மூன்று கட்டங்கள்: சிரித்து வயிறு வலித்தது, சிரித்துக் கண்ணீர் வந்தது, சிரித்து இரண்டுமே வந்தன. பல்செட்காரர் மூன்றையும் விட்டுவிட்டு ஓரத்தில், 'அண்ணன் சிரிக்கிறார், வங்கிக் காட்சி' என்று எழுதினார்.

வசூல் அதிகாரியின் முகம் மாறியது. “சிரிக்கறாரா? அது செலவுத் துறை ஆச்சே. ஆறாவது மாடி. சீக்கிரம் போங்க. வர்ற வெள்ளிக்கிழமை படத்துல பதினெட்டு நிமிஷம் குறைக்கறோம். அந்த வங்கி காட்சி போகுது.”

“ஏன் சார்?”

“சிரிப்பு தாங்கல, கொஞ்சம் குறைங்கன்னு ஜனங்க கேக்கறாங்க.”

“எந்த ஜனங்க?”

“அதுவும் நாங்கதான்.”

செலவு அதிகாரி ஓர் அம்மையார். மெதுவாகப் பேசுவார், யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை என்று பார்த்தாலே தெரியும். அவர் முன்னால் தலையணை அளவு ஒரு கோப்பு இருந்தது.

“இந்தப் படம் எடுத்து முடிச்சப்போ செலவு ஆறு கோடி,” என்றார். “இப்போ தொண்ணூத்தி மூணு.”

“எடுத்துதான் முடிச்சிட்டீங்களே மேடம்?”

“பொறந்தப்புறம்தானே தம்பி குழந்தை வளரும்? நூறு கோடி வசூல்னு மேல அறிவிச்சிட்டாங்கன்னு வைங்க, செலவு ஆறு கோடின்னா மிச்சத்துக்கு லாபம்னு பேரு வந்துடும். லாபம் வந்தா வரி வரும். பங்கு கேட்டு எழுத்தாளர் வருவாரு. நடிகர் வருவாரு. ஒரு குடும்பமே நிம்மதியா இருக்க முடியாது. அதான் அவங்க ஒரு படி ஏறினா நான் ஒரு படி ஏறுவேன். எட்டாவது மாடி நல்லா இருந்தாத்தான் ஆறாவது மாடி நல்லா இருக்கும்.”

அவர் கோப்பில் விரலை ஓட்டி, இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் நிறுத்தினார். 'வரிசையில் நிற்பவரின் சிரிப்பு, கணினி வரைகலை: இரண்டு கோடியே பத்து லட்சம்.'

“இதத்தானே சொல்றீங்க?”

“இது எங்க அண்ணன் மேடம்.”

“இல்ல தம்பி. இது கிராஃபிக்ஸ்.”

“அண்ணனுக்கு எழுநூறு குடுத்தாங்க. ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் குடுத்தாங்க. அதுல ஊறுகாய் இல்லன்னு வந்து சொன்னாரு.”

“எழுநூறுக்கு யாராவது அப்படிச் சிரிப்பாங்களா? நீங்களே யோசிச்சுப் பாருங்க.” அதட்டலே இல்லை. ஜுரக்காரரிடம் பேசுகிற குரல். “ரெண்டு கோடி ரூபாய்ச் சிரிப்பு அது. மனுஷன் சிரிச்சா அவ்வளவு ஆகாது.”

“அந்தப் பல்லு நான் செஞ்சது மேடம்.”

அம்மையாரின் பேனா நின்றது. “பல்லு தனியாவா?”

“முன்னாடி நாலு.”

“அடடா. இத யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே.” இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, 'பல் வடிவமைப்பு, வெளிநாட்டு நிபுணர்: நாற்பது லட்சம்' என்று எழுதினார். “நல்ல வேளை வந்தீங்க. உங்கள மாதிரி நாலு பேர் வந்தா கணக்கு சரியாயிடும்.”

பிறகு ஒரு தாளை நகர்த்தி வைத்தார். 'மேற்படி சிரிப்பில் காணப்படும் உருவம் எனக்கு உறவோ அறிமுகமோ அல்ல' என்று ஒரே வரி. கீழே கையெழுத்துக்கு இடம். அதன்மேல் ஒரு டிக்கெட் கிளிப்பால் இணைக்கப்பட்டிருந்தது. புதன்கிழமை காலைக் காட்சி, நடு வரிசை, கை உடையாத இருக்கை.

பல்செட்காரர் பேனாவை வாங்கினார். அவருக்குக் கோபம் வரவில்லை. இரண்டு மாதமாக எதுவுமே வரவில்லை. ஈறில் மரத்துப்போகும் ஊசி போட்டால் கன்னம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் விரலால் தட்டிப் பார்ப்பார்களே, அப்படித்தான் இருந்தார். டிக்கெட்டைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

“ஒரு தடவ பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடட்டுமா மேடம்?”

“பாத்தா போட மாட்டீங்க தம்பி. அனுபவத்துல சொல்றேன்.”

அவர் பேனாவை மூடி, தாளுக்குப் பக்கத்தில் நேராக வைத்தார். “வரேன் மேடம்,” என்றார்.

மாடிப்படியில் ஒருவர் இடித்துக்கொண்டு ஏறினார். சினிமாவுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்ட். தொழில் காரணமாக அவருக்குப் பெயரே கூட்டம்.

“யோவ், நீ வெண்கலத்தோட தம்பிதானே? நல்லதாப் போச்சு. வியாழக்கிழமை சும்மா இருக்கியா?”

“என்ன விஷயம்?”

“'ஈரத்தரை'க்கு ஜனங்க விழுந்து விழுந்து சிரிக்கறாங்கன்னு விளம்பரம் எடுக்கறாங்க. தியேட்டருக்குள்ளயே. இருநூத்திப் பதினாலு தலை வேணும். ஜனங்க யாரும் கிடைக்கல, எங்கிட்ட கேட்டாங்க. அண்ணியையும் கூட்டிட்டு வா. 'குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்'னு போஸ்டர் அடிச்சிட்டாங்க, பொம்பளைங்க பத்தல.”

“படம் ஓடுமா?”

“ஒரே ஒரு காட்சி ஓடும். அந்த வங்கி சீன். படத்துலயே அதுக்குத்தான் சிரிப்பு வருதாம். ஆனா நீங்க யாரும் பாக்கக் கூடாது. திரைக்கு முதுகக் காட்டி நிக்கணும். முகமும் தெரியணும், பின்னாடி படமும் தெரியணும்.”

பல்செட்காரர் மருந்துக்கடைக்குப் போய் அண்ணியிடம் சொன்னார். அண்ணி பில் புத்தகத்தில் அன்றைய பக்கத்தைக் கிழித்து மடித்துக்கொண்டே இருந்தார்.

“அங்க வந்தா அவரப் பாக்கணுமே தம்பி.”

“பாக்க வேண்டாம் அண்ணி. முதுகத் திருப்பிக்கிட்டுத்தான் நிக்கணுமாம்.”

“அப்படின்னா வரேன்.”

வியாழக்கிழமை காலை அந்த அரங்கம் முதல்முறையாக நிறைந்தது. கவுண்டர் பெண் வாசலில் நின்று தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஹவுஸ்ஃபுல் பலகையைத் துடைத்து மாட்டினாள். தயாரிப்பாளர் வந்து ஐந்து நிமிடம் பேசினார்.

“இந்தப் படத்த நான் பணத்துக்காக எடுக்கல. கணக்கப் பாத்தாலே தெரியும். மக்கள் சிரிக்கணும், அதுதான் என் லட்சியம். இன்னைக்கு இங்க கூடியிருக்கற மக்கள் எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு சொல்லியிருக்கு. சிரிக்காதவங்களுக்குக் கிடையாது.” எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டலுக்குத் தனிச் சம்பளம் உண்டா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

விளம்பர இயக்குநர் ஒழுங்குபடுத்தினார். “எல்லாரும் கேமராவப் பாருங்க. பின்னாடி திரையில ஒரு ஆள் சிரிப்பான், கடகடன்னு ஒரு சத்தம் வரும். அதுதான் உங்களுக்கு சிக்னல். சத்தம் வந்ததும் சிரிக்கணும். யாரும் திரும்பக் கூடாது.”

விளக்குகள் எரிந்தன. பின்னால் படம் ஓடத் தொடங்கியது. வங்கிக் கதவு திறக்கும் சத்தம். வாளிச் சத்தம். நாயகன் விழுந்தான். பிறகு, மிக அருகில், தலைக்கு மேல், படிக்கட்டில் வெண்கலப் பானை உருண்டது.

இருநூற்றுப் பதின்மூன்று பேர் கேமராவைப் பார்த்தார்கள். பல்செட்காரர் திரும்பினார்.

திரும்பப் பார்க்கப் படிவம் இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், அது கிடைக்கவில்லை. திரும்பிப் பார்க்கப் படிவம் எதுவும் கிடையாது. வீட்டுச் சுவர் அளவுக்கு அண்ணன் இருந்தார். வாய் முழுக்கத் திறந்திருந்தது.

“கட்! யாருய்யா அது முதுகக் காட்டறது?”

“மன்னிச்சுக்கங்க சார். தெரியாம நடந்துடுச்சு,” என்றார். பிறகு அண்ணியின் பக்கம் சாய்ந்து, “பல்லு தெரியுது அண்ணி,” என்றார். அண்ணி கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் மட்டும் இறுகியிருந்தன.

இரண்டாவது டேக்கிலும் அவர் திரும்பினார். “நாலும் தெரியுது. இடது பக்கம் ஒண்ணு கொஞ்சம் தூக்கலா வச்சிட்டேன்.”

மூன்றாவதிலும் திரும்பினார். “கண்ண மூடிக்கிட்டு சிரிக்கறாரு.”

“எப்பவும் அப்படித்தான்,” என்றார் அண்ணி, உதட்டை அசைக்காமல்.

விளம்பர இயக்குநர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். ஏஜெண்ட் கூட்டம் ஓடிவந்து காதில் சொன்னார்: “யோவ், சம்பளத்தப் பிடிச்சிடுவாங்க. உங்கண்ணன் பிணமா படுத்தப்பகூட இப்படி என் மானத்த வாங்கல.” பல்செட்காரரை வெளியே அனுப்பச் சொன்னார்கள். அப்போது ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செலவு அதிகாரி அம்மையார் கையை உயர்த்தினார்.

“இருக்கட்டும் விடுங்க. ஒரு டேக்குக்குப் பதினெட்டு லட்சம் எழுதறேன். இன்னும் அஞ்சாறு போகட்டும்.”

அதனால் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது டேக்குகள் எடுக்கப்பட்டன. படத்தின் செலவு தொண்ணூற்று நான்கு கோடியைத் தாண்டியது. எட்டாவது மாடியிலும் விஷயம் தெரிந்து பொத்தானை அழுத்தினார்கள். ஏழாவது முறை திரும்பியபோது பல்செட்காரர் தன் கன்னம் இழுபடுவதை உணர்ந்து விரலால் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

“தம்பி,” என்றார் அண்ணி, கேமராவைப் பார்த்தபடியே. “அடுத்த தடவ நீங்க திரும்பாதீங்க.”

“ஏன் அண்ணி?”

“ரெண்டு பேர் திரும்பினா ரெண்டு பேரையும் அனுப்பிடுவாங்க.”

எட்டாவது டேக். கிளாப் அடித்தார்கள். கதவு, வாளி, விழுகிற சத்தம். பின்னால் வெண்கலப் பானை உருளத் தொடங்கியது. பல்செட்காரர் நல்ல பிள்ளையாகக் கேமராவை நேராகப் பார்த்து, சொன்னபடி வாயைத் திறந்தார். பக்கத்தில் ஒரு தோள் மெதுவாக அசைந்தது.

“கட்! கட்! இப்ப யாருங்க அது? அந்த அம்மா யாரு?”

சத்தம் நின்றுவிட்டது. நாயகன் ஆம்புலன்ஸில் ஏறியிருப்பான். அண்ணி இன்னும் திரையைப் பார்த்தபடியே நின்றிருந்தார்.

“எங்க அண்ணி சார்,” என்றார் பல்செட்காரர். “இன்னொரு டேக் போகலாம்.”